குதிகாலுக்கு மேலே நாண் வலி: ஓய்வெடுத்தால் போகிறது, ஓடினால் திரும்ப வருகிறது. காரணம்தான் என்ன?

காலை ஓட்டம்:

வணக்கம் நண்பர்களே. வயது 41, நாலு வருடமாக ஓடுகிறேன். மூன்று மாதமாக வலது குதிகாலுக்கு மேலே மூன்று விரல் உயரத்தில், பின்பக்கம் தடிமனாகக் கையில் அகப்படுமே அந்த நாணில் வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடி, கட்டையைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். படியில் நேராக இறங்க முடியாது, பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க வேண்டும். கால் மணி நேரத்தில் இளகிவிடும். ஓட ஆரம்பித்தாலும் இதே கதைதான், முதல் ஒரு கிலோமீட்டர் வலிக்கும், அப்புறம் வலியே தெரியாது, சரி போய்விட்டது என்று நினைத்து முழுதாக ஓடி முடிப்பேன். மறுநாள் காலையில் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

டாக்டர் 'தசைநாண் அழற்சி' என்றார். பத்து நாள் வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம், மூன்று வாரம் ஓய்வு. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வலி சுத்தமாகப் போனது. இருபத்திரண்டாம் நாள் 5 கிலோமீட்டர் ஓடினேன், மறுநாள் அதே இடத்தில் அதே வலி. வயதா, எடையா, ஷூவா, ஓடும் முறையா? காரணத்தை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நீல ஷூ:

எனக்கும் இருந்தது அண்ணா. ஷூவை மாற்றுங்கள், குதிகால் பக்கம் நல்ல மெத்தென்று உள்ளதாக வாங்குங்கள். முக்கியமாக இன்னும் ஓய்வு எடுங்கள், மூன்று வாரம் போதாது. வீங்கிய இடத்தை அசைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்?

இயன்முறை:

பதினைந்து வருடமாக பிசியோவாக வேலை செய்கிறேன். உங்களுடைய இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது வேறு, அது பிணைநார், கால் மடங்கிச் சுளுக்கும்போது பிய்வது பெரும்பாலும் அதுதான். இரண்டையும் பலர் 'தசைநார்' என்றே சொல்லிவிடுவதால் வைத்தியமும் குழம்பிப் போகிறது. உங்களுக்கு வலிப்பது குதிநாண். கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு பெரிய தசைகள் சேர்ந்து, சுமார் 15 செ.மீ. நீள நாணாகிக் குதிகால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. உடம்பிலேயே தடித்த, வலுவான நாண் அதுதான். ஓடும்போது அதன் மேல் விழும் இழுவிசை உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு வரை போகும். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு அடியிலும் 400 கிலோவுக்கு மேல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இத்தனை சுமையைத் தாங்கத்தான் அது இருக்கிறது. பிரச்சினை சுமையில் இல்லை, சுமை திடீரென்று கூடுவதில். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களில் பலம் ஏறிவிடும். மூச்சும் இதயமும்கூட சீக்கிரம் பழகும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பழக மாதக்கணக்கில் ஆகும். 'எனக்குத்தான் மூச்சு வாங்கவில்லையே, இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடலாமே' என்று தோன்றுகிற நேரத்தில், நாண் இன்னும் போன மாத நிலையிலேயே நிற்கும்.

அப்புறம் 'அழற்சி' என்கிற சொல். திடீரென்று வரும் வலியில், நாணைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும் வலியில், நாணிலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் வழக்கமான அழற்சி அணுக்களை அவ்வளவாகக் காணவில்லை. கண்டது என்ன என்றால், இணையாக அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் என்ற புரத இழைகள் கலைந்து கிடக்கின்றன, நடுவில் நீர் சேர்ந்திருக்கிறது, இருக்கக்கூடாத இடத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் புகுந்திருக்கின்றன. அதனால்தான் அழற்சிக்கான மாத்திரை வலியை அடக்குகிறது, ஆனால் நாணைச் சரிசெய்வதில்லை. ஓய்வும் அப்படித்தான். ஓய்வில் வலி குறையும், கூடவே நாணின் தாங்கும் திறனும் குறையும். மூன்று வாரம் கழித்து நீங்கள் பழைய 5 கிலோமீட்டரை ஓடினீர்கள், ஆனால் ஓடியது பழைய நாண் இல்லை.

சரி, இப்போது என் கேள்வி. வலி ஆரம்பிப்பதற்கு முந்தைய ஆறு வாரத்தில் என்ன மாறியது? தூரம், வேகம், மேடு, ஷூ, ஓடும் தரை, நடுவில் விட்ட இடைவெளி, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். ஒன்றும் மாறவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஓட்டக் குறிப்பைத் திறந்து பாருங்கள்.

காலை ஓட்டம்:

ஒன்றும் மாறவில்லை என்றுதான் எழுத வந்தேன். நீங்கள் சொன்னதால் போனில் இருக்கும் பதிவுகளைப் பார்த்தேன். வருடம் முழுக்க வாரத்துக்கு 18 கிலோமீட்டர் பக்கம்தான் ஓடியிருக்கிறேன். அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த பிறகு மூன்றே வாரத்தில் 32. அதே மாதத்தில் வாரம் ஒருநாள் மேட்டு ஓட்டமும் சேர்த்திருக்கிறேன். ஷூவும் புதிது, குதிகால் உயரம் அநேகமாக இல்லாத தட்டையான ரகம், கால் இயற்கையாக ஊன்றும் என்று படித்துவிட்டு வாங்கினேன்.

மூன்றையும் ஒரே மாதத்தில் செய்திருக்கிறேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

இயன்முறை:

இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அபூர்வம். தட்டையான ஷூ கெட்டது இல்லை, ஆனால் குதிகால் கீழே இறங்க இறங்கக் குதிநாண் கூடுதலாக இழுபடும். மேட்டில் ஓடினாலும் அதேதான். ஏற்கெனவே இரண்டு மடங்கை நெருங்கும் தூரம். மூன்றும் ஒரே இடத்தில் போய் விழுந்திருக்கின்றன.

கைப்பந்து:

எனக்கு வலி குதிநாணில் இல்லை, முழங்கால் சில்லுக்குக் கீழே. சில்லின் கீழ் நுனியில் விரலை வைத்து அழுத்தினால் துல்லியமாக அந்த ஒரு புள்ளியில் வலிக்கும். குதித்து இறங்கும்போது, கீழே குந்தும்போது, வெகு நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போது. கைப்பந்து, கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு இது நிறைய வருவதால் 'குதிப்பவர் முழங்கால்' என்றே ஒரு பெயர் உண்டு.

காரணம் இங்கே சொன்ன அதே காரணம்தான். இரண்டு மாதம் ஆட்டமே இல்லாமல் இருந்துவிட்டு, பயிற்சி முகாமில் முதல் வாரமே தினமும் இரண்டு வேளை குதித்தோம். பத்தாம் நாள் ஆரம்பித்தது. நான் செய்த தவறு, ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டது. இரண்டே நாளில் வலி போய், மூன்று வாரம் பறந்து பறந்து ஆடினேன், அப்புறம் வந்த வலியில் ஒரு வருடம் ஆட்டமே போயிற்று. வலி தெரியாததால் நாணைப் போட்டு அடித்திருக்கிறேன் என்று பின்னால் வந்த பிசியோ சொன்னார். அவர் முதலில் கொடுத்தது அசைவே இல்லாத பயிற்சி. இயந்திரத்தில் உட்கார்ந்து, முழங்காலைப் பாதி நீட்டி, கனமான எடையைத் தாங்கியபடி 45 விநாடி அப்படியே இருக்க வேண்டும், ஐந்து முறை. அசையாமல் சுமை தாங்குவது சிலருக்கு அப்போதைக்கு வலியையும் குறைக்கும், எனக்குக் குறைந்தது.

இயன்முறை:

ஊசியைப் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி. குதிநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட நிறைய மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம், நாண் பலவீனப்பட்டு அறுந்துபோன நிகழ்வுகள் பதிவாகியிருப்பதுதான்.

மருந்துச் சீட்டு:

எல்லாவற்றையும் ஓட்டத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். நான் மருந்தாளுநர். ஓடாதவர்களுக்கும், குதிக்காதவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே நடப்பவர்களுக்கும் இந்த வலி வரும், அதில் ஒரு காரணத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்று 'ஃப்ளாக்சசின்' என முடியும் ஆன்டிபயாடிக் வகை ஒன்று இருக்கிறது. அவை தசைநாணைப் பாதிக்கலாம், முக்கியமாகக் குதிநாணை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் இந்த மருந்துகளின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போட வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகமோ இதயமோ நுரையீரலோ மாற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். மருந்து தொடங்கிய ஓரிரு நாளிலும் வரலாம், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். இதனால்தான் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

என் அம்மாவுக்கு 66 வயதில் நெஞ்சுச் சளிக்கு லெவோஃப்ளாக்சசினும் ஸ்டீராய்டும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். நாலாம் நாள் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்றார். நான் இந்தத் தொழிலில் இருந்ததால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டேன், அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். வலி முழுதாக விட ஐந்து மாதம் ஆயிற்று, நாண் அறுந்துபோகாமல் தப்பியது. இந்த மருந்து உயிர் காக்கும் இடங்கள் உண்டு, பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மருந்து எடுக்கும் நாட்களில் குதிகாலுக்கு மேலே வலி வந்தால் அன்றைக்கே கொடுத்தவரிடம் சொல்லுங்கள், காலையும் ஓய்வில் வையுங்கள்.

விடியல்:

நானும் ஒன்று சேர்க்கிறேன். எனக்கு 29 வயதில் இரண்டு குதிகாலிலும், நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி. இரண்டு வருடம் 'ஷூ சரியில்லை, எடை கூடிவிட்டது' என்றே ஓடியது. காலை விறைப்பு கால் மணி நேரம் அல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல். கூடவே இடுப்பு வலி, அதுவும் படுத்தால் கூடும், நடந்தால் குறையும். கடைசியில் முதுகெலும்பு மூட்டுவாத வகை என்று தெரிந்தது. அந்த நோயில் நாண் எலும்போடு சேரும் இடம்தான் அழலும், உண்மையாகவே அழற்சி. சோரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கும் இப்படி வரும். இரண்டு பக்கமும் வலித்தால், வெகு நேரம் விறைத்தால், மூட்டு மருத்துவரைப் பார்க்காமல் காலம் கடத்தாதீர்கள்.

இயன்முறை:

மிக முக்கியமான பதிவு. நீரிழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நாளடைவில் கொலாஜன் இழைகளோடு ஒட்டிப் பிணைந்து அவற்றை விறைப்பாக்கும். கவுட் என்ற மூட்டு நோய் இருந்தால் யூரிக் அமிலப் படிகங்கள் குதிநாணில் படியலாம். பரம்பரையாக கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் குடும்பங்களில் நாணுக்குள்ளேயே கொழுப்புத் திரண்டு, தொட்டால் முடிச்சு முடிச்சாகத் தெரியும். இரண்டு குதிநாணும் காரணமில்லாமல் தடித்திருந்தால் கொலஸ்ட்ராலைப் பார்த்துவிடுவது நல்லது. சிலருக்கு இதயம் காட்டிக்கொடுப்பதற்கு முன்பே குதிகால் காட்டிக்கொடுத்துவிடும்.

நீல ஷூ:

நீங்கள் சொல்வதெல்லாம் சரி மேடம், ஆனால் ஒன்று பிடிபடவில்லை. சுமை கூடியதால்தான் வந்தது என்கிறீர்கள், ஓய்வும் வேண்டாம் என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

இயன்முறை:

நியாயமான கேள்வி. ஓய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை, முழு ஓய்வு வேண்டாம் என்கிறேன். கனமான பயிற்சிக்குப் பிறகு நாணுக்குள் கொலாஜன் சிதைவதும் புதிதாக உருவாவதும் இரண்டுமே கூடும். முதல் 24 முதல் 36 மணி நேரம் சிதைவின் கை மேலோங்கி இருக்கும், அதற்குப் பிறகுதான் கட்டுவது முந்தும். நேற்று மேடு ஏறி, இன்று வேக ஓட்டம் ஓடி, நாளை நீண்ட தூரம் என்று போனால் கட்டுவதற்கு நேரமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். எதுவுமே செய்யாமல் படுத்தால் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சுவீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பியல் மருத்துவர். அவருக்கே குதிநாண் வலி இருந்தது. அறுவை செய்துகொள்ளக் கேட்டபோது மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. சரி, நாணை அறுந்துபோகச் செய்துவிட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை, வலிதான் போயிற்று. 1998-இல் அதையே 15 பேருக்குக் கொடுத்து ஆய்வாக வெளியிட்டார். படி விளிம்பில் முன்னங்காலால் நின்று, மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும், மேலே ஏற நல்ல காலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 15 தடவை, மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒருமுறை, சற்றே மடக்கி ஒருமுறை, தினம் இரண்டு வேளை, 12 வாரம். அந்த 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் வந்த இன்னொரு ஆய்வில், அதிக எடையோடு மெதுவாக ஏறி இறங்கும் பயிற்சியை வாரம் மூன்றே நாள் செய்தவர்களுக்கும் இதே அளவு பலன் கிடைத்தது. தினம் இரண்டு வேளைக்கு நேரமில்லாதவர்களுக்கு நான் கொடுப்பது அதைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். வலி நாணின் நடுவில் இல்லாமல் எலும்பில் ஒட்டும் இடத்தில் இருந்தால் படிக்குக் கீழே குதிகாலை இறக்கக்கூடாது. அப்படி இறக்கும்போது நாண் எலும்பின் மேல் நசுங்கும். அவர்கள் தரை மட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் கொஞ்ச நாள் விட வேண்டும். இது தெரியாமல் இணையத்தில் பார்த்து இறக்கி இறக்கி வலியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம்.

காலை ஓட்டம்:

எனக்கு நடுவில்தான். வலிக்கும்போது செய்யலாமா?

இயன்முறை:

பத்துக்கு ஐந்து வரை வலி இருந்தால் செய்யலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் விறைப்பு கூடக்கூடாது. சில்பர்நாகல் என்பவரின் குழு 2007-இல் இந்த அளவுகோலை வைத்து ஓட்டத்தை நிறுத்தாமலேயே சிகிச்சை கொடுத்தார்கள். ஓட்டத்தை நிறுத்தியவர்களைவிட இவர்கள் மோசமாகப் போகவில்லை. உங்கள் நாணின் நிலவரத்தைச் சொல்வது ஓடும் நேரத்து வலி அல்ல, சூடேறியதும் அது மறைந்துவிடும். மறுநாள் காலை முதல் பத்து அடியைக் கேளுங்கள்.

நின்றே வேலை:

ஓடுகிறவர்கள் நடுவில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை. எனக்குக் கணுக்காலின் உள்பக்கம், எலும்புப் புடைப்புக்குப் பின்னால் வலி, வீக்கம். ஒரு வருடமாகப் பாதத்தின் வளைவு தட்டையாகிக்கொண்டே போகிறது. வயது 52.

இயன்முறை:

தயங்காதீர்கள் அக்கா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் நாண் ஒன்று அந்த வழியாகப் போகிறது, அதுவாக இருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லை, அல்லது குதிகால் உள்பக்கம் திரும்பாமல் வெளியே சரிந்தே நிற்கிறது என்றால், இந்த மாதமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். குதிநாண் வலி காத்திருக்கும், இது காத்திருக்காது. வளைவு நிரந்தரமாக இறங்கிவிட்டால் பயிற்சியால் மட்டும் திருப்ப முடியாது.

கைப்பந்து:

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எங்கள் அணியில் ஒருவர் ஓடித் திரும்பியபோது 'டப்' என்று சத்தம். பின்னால் யார் உதைத்தது என்று திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. வலி பெரிதாக இல்லாததால் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்துத்தான் காட்டினார். குதிநாண் முழுதாக அறுந்திருந்தது.

இயன்முறை:

அப்படிச் சத்தமோ உதைத்தது போன்ற உணர்வோ வந்தால் குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

அதேபோல் கெண்டைக்கால் முழுக்க வீங்கி, சூடாக, ஒரு காலில் மட்டும் வலித்தால், அதுவும் நீண்ட பயணமோ அறுவையோ முடிந்த பிறகு வந்தால், அதை நாண் வலி என்று தேய்த்துவிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ரத்தக் குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது அவசரம்.

காலை ஓட்டம்:

நண்பர்களே, பதினொரு வாரம் கழித்து வருகிறேன். அரை மாரத்தானிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன், மனசு கேட்கவில்லைதான். பழைய ஷூவுக்குத் திரும்பினேன், மேட்டு ஓட்டம் கிடையாது. வாரம் மூன்று நாள் எடையோடு குதிகால் தூக்கி இறக்குகிறேன், தோள்பையில் 4 கிலோவில் ஆரம்பித்து இப்போது 16 கிலோ. நாலாவது வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை, விட்டுவிடலாம் என்றே இருந்தேன். ஆறாவது வாரம் ஒருநாள் படியில் பாதி இறங்கிய பிறகுதான் கவனித்தேன், நேராக இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 14 கிலோமீட்டர் ஓடுகிறேன். காலை விறைப்பு இரண்டு நிமிடம். ஒரே கவலை, இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் வலது நாண் இன்னமும் இடதைவிடத் தடிப்பாக இருக்கிறது. பழையபடி ஆகாதா?

இயன்முறை:

அந்தத் தடிப்பு வெகு காலம் இருக்கலாம், வலி இல்லாவிட்டால் அதைத் துரத்த வேண்டாம். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது, உணவு வழியாக அது அப்போது உருவான திசுக்களிலும் சேர்ந்தது. அந்தத் தடயத்தை வைத்துக் குதிநாணின் வயதைக் கணக்கிட்ட ஆய்வு 2013-இல் வந்தது. நாணின் உள்பகுதி வாழ்க்கையின் முதல் 17 வருடத்தில் உருவாகிறது, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று கண்டார்கள். கலைந்துபோன பகுதி அப்படியே கிடக்க, அதைச் சுற்றியுள்ள நல்ல இழைகளைச் சுமை தாங்கப் பழக்குவதுதான் நீங்கள் இந்தப் பதினொரு வாரமும் செய்த வேலை. அதனால் வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள், வாரம் ஒருநாளாவது தொடருங்கள். இடது காலுக்கும் சேர்த்தே செய்யுங்கள், 32 கிலோமீட்டரை ஓடியது அதுவும்தானே.

காலை ஓட்டம்:

இடது காலுக்கு இதுவரை செய்யவே இல்லை மேடம். நாளையிலிருந்து இரண்டுக்கும்.